தோற்ற ஆட்டத்தை எழுதி வை

எங்கள் விருதுநகர்ப் பக்கம் இப்போது தெருவுக்கு ஒரு செஸ் வகுப்பு வந்துவிட்டது. முன்பு டியூஷன், இந்தி, பரதநாட்டியம், கராத்தே என்று போர்டு தொங்கிய வீடுகளில் இன்று செஸ் போர்டும் தொங்குகிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து இந்த வேகம் கூடியிருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன், நம் சென்னைப் பிள்ளை, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு காய்களைத் திரும்ப அடுக்கியதை நாமெல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். மறுநாளே என்னிடம் மூன்று தாத்தாக்கள் வந்து, "அண்ணாச்சி, நம்ம பேரனையும் சேர்த்துக்கோங்க" என்றார்கள்.

நான் பெரிய ஆட்டக்காரன் அல்ல. சர்வதேசத் தரவரிசையில் எனக்கு ஒரு எண்ணும் கிடையாது. ஆரம்பப் பள்ளி வாத்தியார் பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கிற மாதிரி, காய் நகர்த்தத் தெரியாத குழந்தைக்கு ஆட்டத்தைப் பழக்கி விடுவது மட்டும்தான் என் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செய்து வருகிறேன். அதில் எனக்குத் தெரிந்ததை, பேரன் பேத்தி உள்ளவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு வழியில். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா'. மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். இந்தோசீனாவில் இருந்தபோது செஸ் கற்றுக்கொண்டாராம். எனக்கு ஒன்பது வயதில் அவர்தான் சொல்லிக் கொடுத்தார், அதுவும் பிரெஞ்சில். ராஜா 'ருவா', ராணி 'தாம்', யானை 'தூர்', குதிரை 'கவாலியே', சிப்பாய் 'பியோன்'. நாம் மந்திரி என்கிற காய்க்கு மட்டும் பிரெஞ்சில் வேடிக்கையான பெயர். 'ஃபூ' என்பார்கள். அரண்மனைக் கோமாளி என்று அர்த்தம், பைத்தியம் என்றும் அர்த்தம். இங்கிலீஷ்காரர் அதே காயைப் பாதிரியார் ஆக்கிவிட்டார். நமக்கு மந்திரி, அவருக்குப் பாதிரியார், பிரெஞ்சுக்காரருக்குக் கோமாளி! இதைச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்த பிறகு அந்தக் காய் குறுக்காகப் போகும் என்பதை மறக்கவே மறக்காது.

இன்று உலக செஸ் சம்மேளனத்தை 'ஃபிடே' என்கிறோமே, அதுவே பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம்தான். 1924 ஜூலை 20-ல் பாரிஸில் தொடங்கினார்கள். பிள்ளைகள் 'என்பாசன்ட்' என்று சொல்கிற அந்த விசேஷ வெட்டும் பிரெஞ்சு வார்த்தைதான். போகிற போக்கில் வெட்டுவது என்று பொருள். சாய்ந்து நிற்கும் காயைச் சரியாக நிறுத்துவதற்கு முன் 'ஜாதூப்' என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். 'சரி செய்கிறேன்' என்று அர்த்தம். அதைச் சொல்லாமல் தொட்டால், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். எங்கள் சிவகாசிப் பிள்ளைகள் 'ஜாதூப்' என்று அழுத்திச் சொல்லும்போது பெரியப்பா ஞாபகம் வரும்.

1973-ல் மத்திய கலால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சில வருஷத்தில் சிவகாசிக்கு மாற்றல். அப்போது தீப்பெட்டிக்குக் கலால் வரி. குரோஸ் கணக்கில் பெட்டிகளை எழுதி எழுதியே என் விரல் தேய்ந்தது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அந்த நாளில் நான் பார்த்த ஒரு காட்சியை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் சொல்லப் போவதற்கு அது வேண்டியிருக்கிறது. விடிவதற்கு முன்னாலேயே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் கிராமங்களுக்குப் போய் ஆள் ஏற்றி வரும். பாதிப் பேர் சின்னப் பிள்ளைகள். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் அந்தப் பிஞ்சு விரல்கள்தான். எல்லாமே எண்ணிக்கைக் கூலி. எத்தனை கட்டை அடுக்கினாயோ அத்தனைக்குக் காசு. அதனால் அந்தக் கைகள் பறக்கும். கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், கை தானாக வேலை செய்யும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பும் சொன்னது. கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை மாறியது. இன்று அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். எங்கள் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பல வருஷம் மாநிலத்தில் முதலிடம் வாங்கியதை நீங்களும் அறிவீர்கள்.

2011-ல் ஓய்வு பெற்றேன். அதே வருஷம் தமிழக அரசு, 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் செஸ் என்று ஒரு திட்டம் அறிவித்தது. பக்கத்துப் பள்ளியில் போர்டு வந்து இறங்கிவிட்டது, சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை என்றார்கள். அப்படித் தொடங்கியதுதான் என் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் என் வீட்டு மாடி. சனிக்கிழமை பஸ் ஏறி சிவகாசி போய், நண்பர் ஒருவரின் அச்சகத்துக்கு மேல்மாடி. கட்டணம் கிடையாது. காலண்டர் அடித்து மிஞ்சிய தாள்களை நண்பர் கட்டாகக் கொடுப்பார். அதன் பின்பக்கம்தான் எங்கள் நோட்டு.

முதல் மாதம் நான் ராஜாவையும் ராணியையும் பெட்டியை விட்டே எடுப்பதில்லை. இரண்டு பக்கமும் எட்டு எட்டு சிப்பாய் மட்டும். யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க் கரைக்குப் போய்ச் சேருகிறதோ அவர் ஜெயித்தார். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் சிப்பாய்க்குப் பின்வாங்கத் தெரியாது, வைத்தது வைத்ததுதான் என்பதை ஏழு வயதுக் குழந்தை இதில் தானாகவே கண்டுபிடித்துவிடும். 1749-ல் ஃபிலிதோர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு செஸ் புத்தகம் எழுதினார். அவர் பிழைப்புக்குச் சங்கீதக்காரர், இசை நாடகங்கள் எழுதியவர். சிப்பாய்தான் இந்த ஆட்டத்துக்கு உயிர் என்பது அவர் கொள்கை. அதுவரை எல்லோரும் பெரிய காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கட்சிக்காரன். சாதாரண குமாஸ்தாவுக்குச் சிப்பாய் மேல் பிரியம் இருப்பது இயற்கைதானே!

அடுத்த மாதம் ராஜாவும் ஒரு யானையும். எதிரே ஒற்றை ராஜா. எப்படிச் சுற்றி வளைத்து மேட் பண்ணுவது? அதன் பிறகு ராணி. அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்கி முதல் கட்டத்துக்கு வருகிறேன். கியூபாவின் உலக சாம்பியன் காப்பாபிளாங்காவும் கடைசி ஆட்டத்தை முதலில் படிக்கத்தான் சொன்னார். காரணம் எளிது. பலகையில் நாலே காய் இருந்தால் ஒவ்வொரு காயும் என்ன செய்யும் என்பது தெளிவாகத் தெரியும். 32 காயையும் ஒரே நாளில் கொட்டினால் குழந்தை காட்டுக்குள் விட்ட மாதிரி முழிக்கும்.

ஆனால் பெற்றோருக்கு இந்தப் பொறுமை இருப்பதில்லை. "சார், ஓப்பனிங் எப்போ சொல்லிக் கொடுப்பீங்க?" என்பார்கள். பிள்ளைகளும் யூடியூபைப் பார்த்து நாலு நகர்த்தலில் மேட் பண்ணும் வித்தையைப் படித்துக்கொண்டு வந்துவிடும். சிப்பாயை இ4-ல் வை, மந்திரியை சி4-க்குக் கொண்டு வா, ராணியை எச்5-ல் நிறுத்து, எதிராளி கவனிக்காவிட்டால் எஃப்7-ல் வெட்டி மேட். இங்கிலீஷில் இது படிப்பாளியின் மேட். பிரெஞ்சில் 'கூ து பெர்ழே', அதாவது ஆட்டிடையன் போட்ட அடி. எங்கள் ஊர்ப் பள்ளிப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகள் இதை வைத்தே கோப்பை வாங்கிவிடுகிறார்கள். இதில் எனக்கு ஒரே ஒரு கவலைதான். இந்த அடி எதிராளி தப்பு பண்ணினால் மட்டுமே பலிக்கும். அதை நம்பிப் பழகிய பிள்ளை, தப்பு பண்ணாத எதிராளி வந்தவுடன் வெளியே வந்த ராணியை இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டு திரியும். அதற்குள் எதிராளியின் காய்களெல்லாம் ஒழுங்காக வெளியே வந்து நின்றுவிடும். ஆகவே அந்த வித்தையை நான் தடுப்பதில்லை. அதை உடைப்பது எப்படி என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவேன். எல்லோருக்கும் உடைக்கத் தெரிந்துவிட்டால் யாரும் அதைப் போடுவதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷம் முன்பு சிவகாசி வகுப்பில் ஆறாவது படிக்கும் ஒரு பெண் சேர்ந்தாள். அம்மா பட்டாசு ஆலையில் திரி சொருகுகிறவர். நல்ல மூளை. மூன்று மாதத்தில் தன்னைவிடப் பெரிய பையன்களை ஜெயித்தாள். ஒரே ஒரு குறை, கை பறக்கும். எதிராளி காயை வைத்துக் கையை எடுப்பதற்குள் இவள் நகர்த்தியிருப்பாள். "ஏம்மா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டால் சிரிப்பாள். ஒரு நாள் அவள் அம்மாவிடமே கேட்டேன். "என் கையும் அப்படித்தான் சார்" என்றார். "நான் எட்டு வயசுல கட்டை அடுக்கப் போனவ. மெதுவா செஞ்சா கூலி குறையும். இன்னைக்கும் வீட்ல சோறு வடிச்சாக்கூட யாரோ எண்ணிக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கும். இவ என்னைப் பார்த்து வளர்ந்தவதானே."

எனக்கு அந்த விடியற்காலைப் பஸ்கள் ஞாபகம் வந்தன. அந்தப் பிஞ்சுக் கைகளில் ஒன்று இந்த அம்மாவின் கையாகவும் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு விதி வைத்தேன். எதிராளி நகர்த்தியவுடன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மனதுக்குள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அவன் ஏன் அதை அங்கே வைத்தான்? எனக்கு எங்கே செக், எங்கே வெட்டு வருகிறது? நான் நினைத்ததை வைத்தால் அவன் அடுத்து என்ன செய்வான்? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு தாளில் தன் நகர்த்தலின் நம்பரைப் போட்டுக்கொண்டு கையை எடுக்கலாம். மருந்து கலக்கும் அறையில் கை அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சிவகாசிப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்ததை அவர்கள் வீட்டில் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் நான் அதை வகுப்பில் உதாரணமாகச் சொல்வதில்லை. விளையாட வந்த இடத்தில் அந்தப் பயம் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து மாவட்ட அளவில் ஒரு போட்டி. கடைசிச் சுற்று. அவளிடம் ராஜாவும் ராணியும், எதிரே ஒற்றை ராஜா. ஜெயித்தால் முதல் பரிசு. எதிராளி ராஜா ஏ8 மூலையில். இவள் ராஜா சி6-ல். ராணி எச்7-ல். அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி பி7-ல் வைத்தால் மேட், ஆட்டம் முடிந்தது. இவள் ஒரு கட்டம் முன்னாலேயே, சி7-ல் வைத்துவிட்டாள். செக்கும் இல்லை, அந்த ராஜாவுக்கு நகர இடமும் இல்லை. அதற்கு 'ஸ்டேல்மேட்' என்று பெயர், ஆட்டம் டிரா. கையை எடுத்த நொடியில் அவளுக்கே தெரிந்துவிட்டது. கைதட்டக் காத்திருந்த அம்மாவுக்குத்தான் என்ன நடந்தது என்று புரியவில்லை. பிள்ளை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். மூன்றாவது பரிசு கொடுக்கக் கூப்பிட்டபோது மேடைக்கும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்தாள். அந்த ஆட்டத்தை எழுதிக் கொடு என்றேன். ஞாபகமில்லை என்றாள். சரி, ஞாபகம் வந்தால் எழுது என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் வருவாள், விளையாடுவாள், போவாள். பயிற்சியாளருக்கு மிகக் கஷ்டமான வேலை இப்படிச் சும்மா இருப்பதுதான். தப்பு எங்கே என்று நமக்கு உடனே தெரியும், வாய் நமநமக்கும். ஆனால் தப்பை நாம் சொன்னால் அது நம் கண்டுபிடிப்பு. பிள்ளை தானே தேடிப் பிடித்தால்தான் அது பிள்ளையின் சொத்து.

நம் ஆனந்துக்கு அவர் அம்மா சுசீலா செய்ததை நினைத்துப் பாருங்கள். ஆறு வயதில் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவரே அந்த அம்மாதான். அப்பாவுக்கு வேலை நிமித்தம் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, அங்கே டி.வி.யில் பகல் ஒரு மணிக்குச் செஸ் நிகழ்ச்சி வரும். அந்த நேரம் ஆனந்த் பள்ளிக்கூடத்தில். அம்மா உட்கார்ந்து அன்றைய ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். சாயங்காலம் பிள்ளை வந்ததும் இருவரும் சேர்ந்து அவிழ்ப்பார்கள். விடையை எழுதிப் போட்டுப் போட்டு ஆனந்த் அத்தனை பரிசு வாங்கியதால், கடைசியில் அவர்களே, வேண்டிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்றார்களாம். திரும்பி வந்து சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்தார். அந்த கிளப்பை 1972-ல் உண்டாக்கியவர் மானுவல் ஆரோன், 1961-லேயே சர்வதேச மாஸ்டர் ஆன முதல் இந்தியர். 1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்று தமிழ்நாட்டில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் ஆரம்பம், ஓர் அம்மா பேப்பரும் பென்சிலுமாக டி.வி. முன்னால் உட்கார்ந்து எழுதியது. எழுதுவதே தொழிலாக இருந்த எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

எழுதுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எழுதினால் ஆட்டம் முடிந்த பிறகும் இருக்கும். ஆபீஸில் கோப்பு இருந்தால் யார் எந்தத் தேதியில் என்ன எழுதினார் என்று புரட்டிப் பார்க்கலாம். கோப்பு இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பிள்ளைகளும் அப்படித்தான். தோற்றுவிட்டு வந்தால், "வெளிச்சம் சரியில்லை, அவன் காலை ஆட்டிக்கிட்டே இருந்தான், கடைசியில்தான் தப்பு பண்ணினேன்" என்று கதை வரும். தாளை எடுத்து அடுக்கிப் பார்த்தால், பத்தாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைக் காவல் இல்லாமல் விட்டது தெரியும். அதனால் ஜெயித்த ஆட்டத்தை எழுதினாலும் எழுதாவிட்டாலும், தோற்ற ஆட்டத்தைக் கட்டாயம் எழுதி வைக்கச் சொல்கிறேன். எழுதிய தாளில் மூன்றே விஷயம் குறிக்க வேண்டும். எந்த இடத்தில் எனக்குப் பயம் வந்தது? எந்த இடத்தில் அவசரப்பட்டேன்? அந்த இடத்தில் வேறு என்ன வைத்திருக்கலாம்?

இதற்கு நேர் விரோதி கைப்பேசி. அதில் மூன்று நிமிஷ ஆட்டம் ஆடித் தோற்றால் ஒரு பட்டனைத் தட்டி அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடலாம். ஒரு மணி நேரத்தில் பத்து ஆட்டம் தோற்று, ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல் தூங்கப் போகலாம். இன்னொரு வசதி, எந்த நகர்த்தல் சரி என்று கம்ப்யூட்டர் உடனே சொல்லிவிடும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்து எழுதுகிற மாதிரி. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இதில் பிடிவாதமாக இருந்தார். 2019 ஜனவரியில் பன்னிரண்டரை வயதில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதுவரை அவர் கம்ப்யூட்டர் துணை இல்லாமல், தன் தலையை வைத்தே யோசித்துப் பழகியவர். மற்ற பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டரை நம்பிய காலத்தில் இதற்குத் தைரியம் வேண்டும். எங்கள் மாடியில் கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லை என்பதை நான் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நாலாவது வாரம் அந்தப் பெண் தானாகவே ஒரு காலண்டர் தாளை நீட்டினாள். முழு ஆட்டமும் எழுதியிருந்தது. ஞாபகமில்லை என்று சொன்னது சும்மா. சி7 என்ற இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள். பக்கத்தில், "இங்கே அம்மா முகத்தைப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தாள்.

நான் அவளுக்குச் சொன்னது குகேஷ் கதைதான். 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஊரெல்லாம் நின்றானே, அந்தப் போட்டி. 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவுடன் ஆட்டம். ஜெயிக்கிற நிலைமை. நேரம் குறைந்த நெருக்கடியில் ஒரு குதிரையைக் கோட்டைவிட்டு ஆட்டத்தையே தோற்றார். மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை உலகமே பார்த்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, நம் இளைஞர் அணிக்கு வெண்கலம். இரண்டு வருஷம் கழித்து 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் இந்தியாவுக்கு ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் தங்கம். முதல் பலகையில் ஆடியவர் அதே குகேஷ். சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற போட்டியிலும் டிங் லிரெனிடம் முதல் ஆட்டமே தோல்வி. பன்னிரண்டாவது ஆட்டமும் தோல்வி. மூன்றை ஜெயித்து, ஏழரைக்கு ஆறரை என்று முடித்தார். உலக சாம்பியன் ஆன போட்டியிலேயே இரண்டு ஆட்டம் தோற்றிருக்கிறார் என்று நான் சொன்னதும், அவள் நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள்.

அதற்கடுத்த வருஷம் அவள் நன்றாக ஆடினாள். அப்போதுதான் அவள் அம்மா என்னைத் தனியாகப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். "சார், மறைக்காம சொல்லுங்க. இவ குகேஷ் மாதிரி வருவாளா? வருவான்னா கம்மலை அடகு வச்சு மெட்ராஸ்ல சேர்த்துடுறேன்."

செஸ் வகுப்பு எடுக்கிற எல்லோரிடமும் இந்தக் கேள்வி வரும். சரவெடிக்கும் பேரியம் நைட்ரேட்டுக்கும் 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு பல ஆலைகளில் வேலை நாள் குறைந்தது. தீபாவளி முடிந்தால் ஒரு மாதம் போல ஆலை மூடியிருக்கும். அந்தக் கம்மல்தான் அவர்களுக்கு அந்த ஒரு மாதத்துச் சோறு. இதில் ஆசை வார்த்தை சொல்வது பாவம்.

உள்ளதைச் சொன்னேன். குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர், மகனோடு நாடு நாடாகப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தினார். பிரக்ஞானந்தா, வைஷாலியின் அப்பா வங்கி ஊழியர். அம்மா நாகலட்சுமி, போகும் ஊருக்கெல்லாம் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு ரசம் சாதம் வைத்தார். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆர்.பி. ரமேஷ், தானே கிராண்ட்மாஸ்டர், இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டுச் சொல்லிக் கொடுக்க வந்தவர். அந்த உயரத்துக்கு ஒரு குடும்பம் முழுவதும் சேர்ந்து தூக்க வேண்டும். அப்படித் தூக்கியும் வராமல் போன பிள்ளைகள்தான் அதிகம், அவர்கள் பெயர் பேப்பரில் வராது. "உங்க பொண்ணு நல்லா ஆடுறா. ஆனா கம்மலை வைக்காதீங்க. காலையில பஸ் ஏறிட்டு ராத்திரி வீடு திரும்புற தூரத்துல, மதுரை, ராஜபாளையம், திருநெல்வேலியில நடக்குற போட்டிக்கு மட்டும் அனுப்புங்க. அதுல அவ ஏறி வந்தா, உதவி பண்ற ஆளை நான் தேடுறேன். இன்னொண்ணு, பத்தாவது வந்தாச்சுன்னு இதை நிறுத்திடாதீங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் போதும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி சார்" என்றார். "குகேஷ் ஆகாட்டி போகட்டும். நான் இவ வயசுல உட்கார்ந்து யோசிச்சதே இல்ல. யோசிக்க உட்கார்ந்தா கூலி போயிடும். இவ கையைக் கட்டிக்கிட்டு அரை மணி நேரம் யோசிக்கிறா பாருங்க, அதைப் பார்க்கத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து உட்கார்றேன்."

அந்தப் பெண் இப்போது பத்தாவது படிக்கிறாள். வகுப்பை நிறுத்தவில்லை. மாநில அளவில் இன்னும் பரிசு வாங்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ராணியை வைத்து மேட் பண்ணச் சொல்லிக் கொடுப்பது அவள் பொறுப்பு. ஏ8 மூலையையும் சி7 கட்டத்தையும் காட்டி, "இது நான் கோட்டை விட்டது, பார்த்துக்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நினைக்கும் என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை. பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் விற்கும் சாதாரண போர்டே போதும். குழந்தை அழுகிறதே என்று வேண்டுமென்றே தோற்காதீர்கள், அதற்கு உடனே தெரிந்துவிடும். அதற்குப் பதில் உங்கள் ராணியை எடுத்துவிட்டு ஆடுங்கள். அது ஜெயிக்க ஜெயிக்க, ராணிக்குப் பதில் யானை, பிறகு ஒரு குதிரை என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். தப்பான காயைத் தொட்டால், "அதில்லடா" என்று கையைப் பிடிக்காதீர்கள். ஆட்டம் முடிந்து காபி குடித்த பிறகு, "எந்த இடத்துல மாறுச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை அதுவே எழுதட்டும். பழைய டைரி ஒன்று கொடுங்கள். நம் ஊரில் டைரிக்கா பஞ்சம்!